வாயை மூடிக்கொண்டவர்கள்

ஜனவரி 6, திங்கள்

எல்லாரும் பிராஜெக்ட் டைரி எழுத வேண்டும் என்று கருணாகரன் சார் சொல்லிவிட்டார். வாரக் கடைசியில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்த டைரி வேறு. அதில் "இன்று ஆய்வுக் கட்டுரைகள் வாசித்தோம்" என்று ஒரு பொய்யை எழுதியாயிற்று. இது எனக்கு.

காலை வண்டியில் மறுபடியும் அடிதடி. உப்பளம் ஸ்டேஷனில் மணிக்கூண்டு காலேஜ் பையன் ஒருத்தன் எங்கள் காலேஜ் பசங்க இருக்கும் பெட்டியில் ஏறிவிட்டான். தெரியாமல் ஏறினானா, திமிரில் ஏறினானா, யார் கேட்டார்கள்? லேடீஸ் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் கம்பி வலைதான். அவன் முடியைப் பிடித்து முகத்தை அந்த வலையில் மோதினார்கள். முதல் மோதலில் மூக்கு உடைந்தது. அடுத்ததில் பானுவின் துப்பட்டாவில் ரத்தம் தெறித்தது. ஷர்மிளா பானு என் வகுப்பு, என் பிராஜெக்ட் கூட்டாளி, எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிறவள். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். குடையை வலைக்குள் விட்டு ஒருத்தன் விலாவில் ஓங்கிக் குத்தினேன். திரும்பிப் பார்த்தால் என் தம்பி பென்னி.

"யக்கா, நீ உன் வேலய பாரு" என்றான், சிரித்துக்கொண்டே.

பென்னியும் என் காலேஜில்தான், வரலாறு, இரண்டாம் வருடம். எங்கள் ரயில் லைனில் வரும் பசங்களுக்கு இப்போது டில்லிபாபுதான் 'தல'. பெட்டியில் யார் எங்கே உட்காருவது, யார் கானா பாடுவது, யாரை அடிப்பது எல்லாம் தலதான் முடிவு செய்வான். டில்லிபாபு இந்த வருடத்தோடு போகிறான். அடுத்த தல பென்னி என்று பேச்சு. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்பான்.

ஜனவரி 8, புதன்

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிடும். பயன்பாட்டுக் கணிதமும் கணிப்பியலும். புது கோர்ஸ். கணக்குத் துறைக்குப் போனால் "நீங்க கம்ப்யூட்டர் ஆளுங்க, அங்க போங்க." கம்ப்யூட்டர் லேபுக்குப் போனால் "கணக்குப் பசங்களுக்கு மெஷின் எதுக்கு, நோட்டுல போடுங்க." ரெண்டும்கெட்டான் பிழைப்பு. ஆனாலும் காலையில் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு மதியம் திரையில் கோடாக வளைந்து ஏறும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தச் சுகம் தனிக் கணக்குக்காரர்களுக்கும் தெரியாது, தனிக் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் தெரியாது.

பிராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: வதந்தி எப்படிப் பரவுகிறது. காய்ச்சல் பரவுகிற அதே கணக்குதான். ஊரை மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும். செய்தி தெரியாதவர்கள், பரப்புகிறவர்கள், தெரிந்தும் அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டவர்கள். மூன்று கட்டம் வரைந்து முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு ஒரு அம்பு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு அம்பு. அவ்வளவுதான் எங்கள் கணித மாதிரி. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதால் வதந்தி நிற்பதில்லை, பரப்புகிறவர்கள் வாயை மூடிக்கொள்வதால்தான் நிற்கிறது. இதைப் படித்ததும் பானு சொன்னாள்: "எங்க மாமி வீட்டு ஆளுங்களுக்கு இந்த மூணாவது கட்டமே கிடையாதுடி."

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் குடில் பொம்மைகளையும் பரண் மேல் ஏற்றப் போனேன். பரணில் பச்சைக் கோடு போட்ட டவலில் சுற்றி என்னவோ இருந்தது. பிரித்தேன். பட்டாக்கத்தி. என் முழங்கை நீளம், புதுசு, எண்ணெய் தடவியிருந்தது.

பென்னியை இழுத்து வைத்துக் கன்னத்தில் விட்டேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"சும்மா சேஃப்டிக்குக்கா. வச்சுகினா போதும், எடுக்க வேணாம். வச்சுகினு கீறான்னு தெரிஞ்சாலே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

"தூக்கிப் போடுடா."

"இன்னாக்கா, ஆயிரத்தி ஐந்நூறு குடுத்தேன்."

அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எப்போது வீட்டுக்கு வருவார் என்று தெரியாது. வந்தால் பரணில் ஏறித் தன் தார்ப்பாயைத் தேடுவார். கத்தி அவர் கையில் கிடைத்தால் அதாலேயே இவனை வெட்டிவிடுவார். அதனால் டவலோடு எடுத்து என் புத்தகப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அப்பா என் புத்தகங்களைத் தொடமாட்டார். அதற்காகத்தான் வைத்தேன், வேறொன்றுமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

அப்பா வந்தார். பென்னிக்கு வருகை குறைவு என்று காலேஜிலிருந்து போன் வந்ததாம். பெல்ட்டைக் கழற்றினார். கொக்கி உள்ள பக்கத்தால் அடித்தார். முதுகில், தோளில், காதில். காதுமடல் கிழிந்தது. நடுவில் விழுந்த அம்மாவுக்கும் இரண்டு. பென்னி கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சமன்பாட்டுக்குப் படிப்படியாகத் தீர்வு காணும் நிரலை எழுதி முடித்தேன். ஒரே ஓட்டத்தில் பிழையில்லாமல் ஓடியது.

ஜனவரி 21, செவ்வாய்

கருணாகரன் சார் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோடு அழகா இருக்கு. எந்த ஊர்ல இப்படிப் பரவுச்சு?"

"சும்மா எண் கொடுத்துப் பார்த்தோம் சார்."

"சும்மா எண்ணுக்கு சும்மா மார்க்தான். நிஜ டேட்டா கொண்டாங்க."

கேன்டீனில் உட்கார்ந்து நானும் பானுவும் யோசித்தோம். நாங்களே ஒரு செய்தியைக் கிளப்பிவிட வேண்டும், பிறகு யார் யாரிடம் எப்போது கேட்டார்கள் என்று ஃபார்ம் அனுப்பி விசாரிக்க வேண்டும். செய்தி யாரையும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும் என்றாள் பானு. "வெள்ளிக்கிழமை காலை வண்டி உப்பளத்தில் நிற்காது." இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"யாராச்சும் நம்பி வண்டிய விட்டுட்டா?" என்றாள்.

"ஒரு நாள் பஸ்ஸுல போவட்டும். நாம தினமும் தொங்கிட்டுப் போறோமே."

எடுகோள்களை எழுதினோம். மக்கள் தொகை மாறாது. எல்லாரும் எல்லாரையும் சந்திக்க வாய்ப்புண்டு. செய்தி பரவும்போது மாறாது. இந்தக் கடைசியை எழுதும்போது பானு பேனாவை நிறுத்தினாள். "மாறாதா?" என்றாள். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, எழுது என்றேன்.

பென்னியிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம். அவனுக்கு லைன் முழுக்கப் பழக்கம். ஒரே ஆள் ஊருக்கே பரப்பிவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

ஜனவரி 22, புதன்

விதைத்தாயிற்று. நூலகத்தில் ஒருத்தி, கேன்டீன் வரிசையில் ஒருத்தன், இப்படி அங்கொன்று இங்கொன்றாக. பானு பொய் சொல்லத் தெரியாமல் திக்கித் திக்கிச் சொன்னாளாம். நான் சரளமாகச் சொன்னேன்.

இறால் கம்பெனியில் உரிக்கப் போயிருந்த அம்மா சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "வெள்ளிக்கெழம வண்டி உப்பளத்துல நிக்காதாமேடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் செய்தி காலேஜைத் தாண்டி, ரயிலேறி, இறால் ஓட்டுக்கு நடுவில் போய் அம்மா காதில் விழுந்திருக்கிறது!

சாப்பிடும்போது பென்னி, "ஏன்க்கா நிக்காது?" என்றான். அப்பா அடித்த காது இன்னும் வீங்கியிருந்தது. இன்றைக்கும் ரயிலில் ஒரு பையனை அடித்துவிட்டு வந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாம் நீங்களும் மணிக்கூண்டுக்காரனுங்களும் பண்ற அநியாயத்தாலதான்" என்றேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். ரசம் நன்றாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

ஃபார்முக்குப் பதில்கள் கொட்டுகின்றன. கோடு சாமி சத்தியமாகப் புத்தகத்தில் உள்ளது போலவே ஏறுகிறது. பானுவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு லேபிலேயே குதித்தோம், உதவியாளர் விரட்டினார்.

சில பதில்கள் மட்டும் உதவாதவை. செய்தியை எழுதச் சொன்ன இடத்தில் கண்டதையும் எழுதியிருக்கிறார்கள். பாலத்தில் விரிசலாம். மந்திரி வருகிறாராம். மணிக்கூண்டு பசங்க தண்டவாளத்தில் உட்காரப் போகிறார்களாம். வேறு என்னென்னமோ. இப்படிப்பட்டதை இரைச்சல் என்போம். எங்கள் செய்தி எதுவோ அது மட்டும்தான் கணக்கில் சேரும். டேட்டாவைச் சுத்தம் செய்வது மூன்றாம் செமஸ்டர் பாடம், அதில் நான்தான் வகுப்பில் முதல். இரைச்சல் வரிகளை அழித்தேன். கோடு இன்னும் வழவழப்பாகிவிட்டது.

சாயங்காலம் பென்னி வந்து வாசலிலேயே நின்றான்.

"யக்கா, அந்த டவல எங்க வச்ச?"

திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. புத்தகப் பெட்டிக்கு அடியில் என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

வண்டி உப்பளத்தில் நின்றது. நிற்கத்தானே செய்யும், தினமும் நிற்கிற வண்டி.

பிளாட்பாரத்தில் மணிக்கூண்டு காலேஜ் பசங்க கொஞ்சம் பேர் நின்றார்கள். அவர்களும் தினமும் நிற்கிறவர்கள்தான், எதிர்ப்பக்க வண்டிக்கு. அதில் ஒரு பையன் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

எங்கள் பெட்டியிலிருந்து "வந்துட்டானுங்கடா, அங்க பார்ரா" என்று ஒரு சத்தம். வண்டி நிற்பதற்குள் குதித்தார்கள். கட்டை, பாட்டில், இரும்புக் குழாய். மற்றவர்கள் தண்டவாளத்தில் இறங்கி ஓடிவிட்டார்கள். அந்தப் பையன் மட்டும் ஓடவில்லை. வாயில் இட்லி, கையில் பொட்டலம், என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரியவில்லை. முதல் அடி முழங்காலில். உட்கார்ந்தான். தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினான். கத்தி அந்தக் கையில் இறங்கியது, பிறகு அதே இடத்தில் இன்னொரு தடவை. விறகில் விழுகிற சத்தம். கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கித் தொங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான். "நான் ஒண்ணும் பண்ணலண்ணா, ஒண்ணும் பண்ணலண்ணா" என்று வெட்டுகிறவனையே அண்ணா என்று கூப்பிட்டான்.

வெட்டினது யார் என்று நான் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக முகம் தெரியாது. முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த டவல்தான் தெரிந்தது, பச்சைக் கோடு போட்டது. அந்த மாதிரி டவல் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

பானு மயங்கி விழுந்தாள். அவளை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 25, சனி

பென்னி மதியம்தான் வந்தான். அவன் சட்டையை அவனே துவைத்தான். பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் துவைக்கிறான். அம்மா, "என் புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்றாள்.

புத்தகப் பெட்டி கொஞ்சம் நகர்ந்திருந்தது. சரியாகத் தள்ளி வைத்தேன். அடியில் குனிந்து பார்க்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

வெட்டுப்பட்டவன் பெயர் யுவராஜ், முதல் வருடமாம். உயிருக்கு ஆபத்தில்லை, கையைத்தான் சொல்ல முடியாது என்கிறார்கள்.

போலீஸ் காலேஜுக்குள் வந்து டில்லிபாபுவையும் இன்னும் சிலரையும் அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலம் போனில் படம் வந்தது. டில்லிபாபுவுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம். நம் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமுக்கு மட்டும் யார்தான் இவ்வளவு பாசி வளர்க்கிறார்களோ! டில்லிபாபு யார் பெயரையும் சொல்லவில்லை. பென்னி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தலன்னா அது தல" என்றான். ஓங்கி ஒரு உதை விட்டேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

பானு போன் செய்தாள்.

"ஜெனோவா, நம்ம செய்திதான்டி."

"நம்ம செய்தில வெட்டு குத்து எங்க இருந்துச்சு? வண்டி நிக்காதுன்னுதானே சொன்னோம்?"

"நீ அழிச்ச வரியெல்லாம் நான் திரும்ப எடுத்து உனக்கு அனுப்பிருக்கேன். படிச்சுப் பாரு."

எனக்கு நேரமில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

வெயில் ஏறும் நேரத்தில் மணிக்கூண்டு பசங்க நாலைந்து பேர் பைக்கில் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். "பென்னி, வெளிய வாடா" என்று கத்தினார்கள். பென்னி கட்டிலுக்கு அடியில். தலயாகப் போகிறவன். அம்மா கதவைத் திறந்து, "யாருப்பா நீங்க, அவன் இல்ல" என்றாள். கருங்கல் நேராக அவள் நெற்றியில் வந்து விழுந்தது. இன்னொன்று குழாயடியில் இருந்த குடங்களை நசுக்கியது. அம்மா ரத்தத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே சிந்தினால் தரை கறையாகும் என்பது போல ஏந்திக்கொண்டிருந்தாள். நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். நல்லவேளை அவர்கள் போய்விட்டார்கள். யாராவது கையில் கிடைத்திருந்தால் வெட்டியிருப்பேன், சத்தியமாக வெட்டியிருப்பேன்.

தையல் போட்டுக் கூட்டிவந்தேன். அடுத்த தடவை கல்லோடு வரமாட்டார்கள். பென்னியைக் கொன்றுவிடுவார்கள்.

அதன் பிறகுதான் பானு அனுப்பிய வரிகளைத் திறந்தேன். "மணிக்கூண்டு பசங்க கத்தியோட உப்பளத்துல நிக்கறாங்களாம். நாமளும் ரெடியா போவணும்." வரலாறு, இரண்டாம் வருடம். யாரிடம் கேட்டீர்கள் என்ற இடத்தில், "எங்க அக்கா சொல்லிச்சு."

இதை நான் அன்றைக்கே படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதலில் யாரிடம் விதைத்தோமோ அதே ஆட்களிடம் நேற்று போய் உண்மையைச் சொன்னோம். அது பிராஜெக்டுக்காக நாங்கள் கிளப்பிய பொய், உப்பளத்துக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை, எல்லாருக்கும் சொல்லுங்கள். தலையாட்டினார்கள். ஒருத்தி "ஓ" என்றாள். கேன்டீன் வரிசைக்காரன், "இப்ப இதச் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றான்.

இன்று விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கோடு எழுந்திருக்கவே இல்லை, தரையிலேயே படுத்துக் கிடக்கிறது. பொய்க்கு இருந்த கால் உண்மைக்கு இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மணிக்கூண்டு காலேஜின் தல ஏழுமலை வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பென்னியின் அக்கா என்று சொன்னதும் எழுந்தான். கூட இருந்தவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். ஏழுமலை, "வுடுடா, பொண்ணு" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி, ஃபார்ம், மூன்று கட்டம், எல்லாம். தப்பு என்னுடையது, என் தம்பியை விட்டுவிடுங்கள் என்றேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சரி. உன் மெசேஜ்ல கத்தி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அவன் கையில எப்டி வந்துச்சு?"

அவனே மேலே பேசினான்.

"நீ சொன்ன பொய்யால அவன் வண்டியவுட்டு இறங்கனான். சரி. வெட்டனது? அவனே வச்சுகினு இருந்ததால வெட்டனான். உள்ள போய் யுவராஜப் பாரு. பார்த்துட்டு வீட்டுக்குப் போ. உன் தம்பி கை எங்களுக்கு வேணும். கை குடுக்கலன்னா தலைய எடுப்போம்."

உள்ளே யுவராஜின் அம்மா அவனுக்கு இடது கையில் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி சட்டையில் கொட்டியது. "பரவால்லடா, பரவால்லடா" என்று துடைத்தாள். என்னைப் பார்த்து, "காலேஜ் பொண்ணா? உட்காரும்மா" என்றாள். நான் உட்காரவில்லை, ஓடிவந்துவிட்டேன்.

கத்தியைப் பரணிலிருந்து எடுத்தது நான். அப்பாவுக்குப் பயந்து என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை, ஆனால் அது மட்டும் காரணமில்லை. என் தம்பியைக் கண்டு ரயிலே பயந்தது எனக்கும் பிடித்திருந்தது. அவன் அக்கா என்பதால் என் பக்கத்தில் ஒருத்தனும் இடித்துக்கொண்டு நின்றதில்லை. எவ்வளவு கேவலமானவள் நான்.

பிப்ரவரி 7, வெள்ளி

புத்தகப் பெட்டியை நகர்த்தினேன். டவல் விறைத்துக் காய்ந்திருந்தது. உள்ளே இருந்த கத்தியோடு அரிசிப் பையில் போட்டேன்.

பென்னி பார்த்துவிட்டான். பையைப் பிடுங்கினான், நான் விடவில்லை. என் கையை முறுக்கினான். கடித்தேன். அவன் முஷ்டி என் வாயில் விழுந்தது, உதடு கிழிந்து உப்புக் கரித்தது. குக்கர் மூடியை எடுத்து அவன் காதோரம் அடித்தேன், அப்பா கிழித்த அதே காதில். சரிந்து விழுந்தான். அவன் மேல் உட்கார்ந்து, "அந்தப் பையன் உன்ன அண்ணான்னு கூப்பிட்டான்டா, அண்ணான்னு கூப்பிட்டான்டா" என்று அடித்தேன். எவ்வளவு அடித்தேன் என்று தெரியாது. அவன் தடுக்கவில்லை. குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

"யக்கா, நான் ரெண்டாவது தடவ வெட்டிருக்கக் கூடாதுக்கா."

அவனைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பையோடு பஸ் ஏறினேன். போலீஸ் ஸ்டேஷனில் மேஜை மேல் கத்தியை வைத்தேன். வெட்டியது என் தம்பி, ஆனால் வதந்தியைக் கிளப்பியதும் நான்தான், கத்தியை ஒளித்து வைத்ததும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஒளித்து வைத்ததை எழுதிக்கொண்டார்கள். வதந்திக் கணக்கைப் பாதிவரை கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். "இத எஃப்ஐஆர்ல எங்கம்மா எழுதறது? கோர்ட்டுல கூப்பிட்டா வந்து சொல்லு." கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்றேன்.

"அவன பாத்ரூம்ல வழுக்கி விழவச்சீங்கன்னா அதையும் ஜட்ஜுகிட்ட சொல்லுவேன்" என்றும் சொன்னேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

பென்னி ஓடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தானாம். அம்மா நெற்றிக் கட்டோடு ஜீப்புக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வந்து என் முகத்தில் துப்பினாள். "பெத்த வயிறு எரியுதுடி" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அப்பா வந்தார். பெல்ட்டைக் கழற்றினார். முதல் அடியை வாங்கிக்கொண்டேன். அடுத்தது வரும்போது பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. "இதுலதாம்ப்பா அவன் கத்துகிட்டான்" என்றேன். பெல்ட்டை என் கையிலேயே விட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டார்.

அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

உப்பளத்தில் ஏழுமலை நின்றான். வண்டிக்குள் என்னைப் பார்த்தான். காறித் துப்பினான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டான். தெருவுக்கு இப்போது பைக் எதுவும் வருவதில்லை.

அம்மா தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் நகர்த்துகிறாள். வேண்டுமா, போதுமா எதுவும் கேட்பதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். அழித்த வரிகளையெல்லாம் திரும்பச் சேர்த்துத்தான் வரைபடம் போட்டிருந்தோம். கோடு கரடுமுரடாக இருந்தது. "செய்தி பரவும்போது மாறாது" என்ற எடுகோளை அடித்துவிட்டு, மாறிய செய்தியால் உப்பளத்தில் நடந்ததை ஒரு பக்கம் எழுதியிருந்தோம். கருணாகரன் சார் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நிஜ டேட்டா கேட்டவர் அவர்தான்.

தேர்வாளர் மூன்று கட்டப் படத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு அம்பு தப்பா இருக்கே. மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு? வாயை மூடிக்கிட்டவன் மறுபடி எதுக்கும்மா திறக்கப் போறான்? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல சார்."

"டேட்டா?"

பானு மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஆள் சார்."

"ஒரு ஆளை வச்சு விகிதம் எடுக்க முடியாதும்மா. அம்பை எடுத்துடுங்க."

எடுக்க மாட்டேன் என்றேன். மார்க்கைக் குறைப்பேன் என்றார். குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அங்கிருந்து நேரே ஜெயிலுக்கு. அம்மா எனக்கு முன்பே வரிசையில் நின்றாள். பார்க்க அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனுவில் என் பெயரும் இருந்தது. பென்னி என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அம்மா மட்டும் உள்ளே போனாள். நான் வெளியே, வேப்பமரத்தடியில் செருப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வெளியே வந்தாள். நெற்றித் தழும்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் முன்னால் நடந்தாள். பஸ் வந்தது, ஏறினோம், ஒரே சீட்டில்தான் இடம் இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாலத்தைத் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒடம்பு கொஞ்சம் போட்டுருக்கான்."